ஜாமீன் கிடைத்த பிறகும் ஏன் உள்ளே கிடக்க வேண்டும்?

ஜாமீன் என்றாலே அது கோர்ட் சமாச்சாரம், கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அதில் என்ன வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நீதிபதி ஜாமீன் கொடுத்த பிறகும் ஒரு ஏழை வாரக்கணக்கில் உள்ளே கிடக்கிறார் என்றால், அவரை வெளியே கொண்டுவரும் காகிதம் பல நேரம் வி.ஏ.ஓ. மேசையிலும் தாசில்தார் மேசையிலும்தான் இருக்கிறது.

உத்தரவில் இருப்பது ஒரே வரி. பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன். அதாவது கூப்பிடும்போது வருவேன், வராவிட்டால் அந்தப் பணத்தைக் கட்டுகிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவருக்காக இன்னும் இரண்டு பேர் தங்கள் சொத்துக்குச் சான்று காட்டி அதே பொறுப்பை ஏற்க வேண்டும். இருவரில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகளில் சேர்த்துவிடுவார்கள். கட்டட வேலைக்குப் போகிற ஒருவரைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள், அவர் மனைவி இதற்கு எங்கே போவார்? வீட்டு வரி ரசீது எப்போதோ இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கும், வீடு இருப்பதோ புறம்போக்கில், பட்டா கிடையாது. சொத்து மதிப்புச் சான்று கேட்டுப் போனால் "உங்க பேர்ல என்னம்மா இருக்கு, எதை வச்சு நான் எழுதிக் கொடுக்க?" என்று திருப்பி அனுப்புவார்கள். கொழுந்தன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், வந்து நின்றால் அன்றைய கூலி போச்சு. அப்புறம் கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆட்களைத் தேடி, வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகமே சொல்கிறது. நான்கில் மூன்று பேர், இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். எல்லோரும் ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் இருப்பவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் இருந்தாலும் அது அநியாயம்தான்.

இது நேற்று முளைத்த பிரச்சினையும் இல்லை. 1978-லேயே மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, கீழ்க் கோர்ட்டோ பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டது, தம்பி ஜாமீன் நிற்க வந்தால் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதே என்று தள்ளிவிட்டது. வழக்கு மறுபடி மேலே போனபோது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொதித்துப்போய், வடக்கே எங்கோ கைதாகும் ஒரு தமிழனோ மலையாளியோ அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். இன்று இங்கே வேலைக்கு வந்திருக்கும் பீகார்க்காரருக்கும் ஒடிசாக்காரருக்கும் அதே கதிதான். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது, ஒரு மாதத்தில் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே பார்க்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, கலெக்டர் எங்கே வருகிறார்? அதே 2023-ல் ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாவட்டத்துக்கு ஒரு குழு, அதில் கலெக்டர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர், ஒரு நீதிபதி. ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறை அதிகாரி சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய வசதியை விசாரித்து, கலெக்டர் இருக்கும் அந்தக் குழு 40,000 ரூபாய் வரை தரலாம் என்று அப்போது வகுத்தார்கள். போதைப்பொருள், ஊழல், உபா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான UAPA) வழக்குகளுக்கு இது இல்லை. திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே. வெள்ளம் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக முகாம் திறக்கிற மாவட்ட நிர்வாகத்துக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்க்க நேரமில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

"தப்புப் பண்ணினவன் களி தின்னட்டும், உனக்கென்ன?" என்பார்கள். தப்புப் பண்ணினானா என்பதே இன்னும் முடிவாகவில்லை ஐயா! விட்டால் ஓடிவிடுவான் என்றால், அதை யோசித்துப் பார்த்துத்தானே நீதிபதி ஜாமீன் கொடுத்தார்? பெண்டாட்டி, பிள்ளைகள், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே தெருவில் இருக்கிற கூலித் தொழிலாளி எங்கே ஓடுவார்? பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கிறவருக்கு இரு நபர் ஜாமீன் ஒரு மணி நேர வேலை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி மாட்டியிருந்தால் 15100-க்குக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவி எண் அது. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், நேராகவும் போகலாம். நான் வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறேன். இந்த வருடம் அந்தக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தது, ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் இன்று எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், இந்த மூன்று கேள்விதான். உங்கள் மாவட்டத்திலும் கேளுங்கள்.