ஒரு பாட்டு கேக்க எத்தனை ஓடிபிய்யா?

ஞாயித்துக்கிழமை காலைல அவரைக்காய் நறுக்கிக்கிட்டே அம்மா கேட்டது ஒரே ஒரு பாட்டு. எழுபதுகள்ல வந்தது. கல்யாணமான புதுசுல ஊர் டூரிங் டாக்கீஸ்ல படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குழாய்ல போடுவாங்களாம். "ஏப்பா, இந்த டிவியிலதான் எல்லாம் வருதுன்னியே, அதைப் போடேன்."

போட்டேன். 'மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, டிவியை அணைக்க வேண்டாம்'. ஏழு நிமிஷம் ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்தி முடிச்சதும் 'யார் பார்க்கிறீர்கள்?'னு கேட்டுச்சு. அம்மா டிவியைப் பாத்து "நான்தான்"னாங்க. அடுத்து பாட்டு ஆப்பைத் திறந்தா, அது என்னை எப்பவோ வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கு. ரிமோட்ல அம்புக்குறியை நகத்தி நகத்தி ஒவ்வொரு எழுத்தாத் தட்டி உள்ள போனா, ஓடிபி. அது போறது அப்பா நம்பருக்கு. அப்பா சந்தையில. போன் போட்டு, அவரு மூக்குக் கண்ணாடியைத் தேடி, "நாலு... ஒம்போது... அது மூணா எட்டா தெரியலடா"ங்கறதுக்குள்ள 'ஓடிபி காலாவதியாகிவிட்டது'. மறுபடி. அதுக்குள்ள அவரைக்காய் அடுப்புல ஏறிருச்சு.

சரி, உள்ள போயாச்சு. தேடினா அந்தப் பாட்டு பேர்ல இருபது முப்பது வருது. லோஃபையாம். பாட்டை இழுத்து, கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆக்கின 'ஸ்லோடு ரிவர்ப்'பாம். யாரோ ஒரு தம்பி கிட்டாரோட பாடின கவர். பின்னாடி டொம் டொம்முனு எதையோ ஏத்தின ரீமிக்ஸ். ஒரிஜினல் மட்டும் சாம்பல் கலர்ல, அமுக்கினா அசையல. 'இந்தப் பாடல் தற்போது கிடைக்கவில்லை'. போன மாசம் நானே கேட்டேன்யா அதை! பாட்டோட உரிமை வச்சிருக்கிற கம்பெனிக்கும் (லேபிள்) ஆப்புக்கும் ஒப்பந்தம் முடிஞ்சா பாட்டு போயிடுமாம். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. காசு கட்டறதால விளம்பரம் இல்லை. பாட்டும் இல்லை.

இது எனக்கு ரெண்டாவது ஆப். முதல் ஆப்புல எட்டு வருஷமாப் பாத்துப் பாத்துச் சேத்த லிஸ்ட் வச்சிருந்தேன். ராத்திரி பஸ்ஸுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து போட்டது ஒண்ணு. ஒருநாள் 'எங்கள் சேவை நிறைவடைகிறது, உடனிருந்ததற்கு நன்றி'ன்னு ஒரு மெயில். மாலை போட்ட போட்டோ ஒண்ணுதான் அதுல குறை. இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. 2009-ல அமேசான், காசு குடுத்து வாங்கின புத்தகத்தையே வாசகர்களோட கிண்டில்ங்கற மின்புத்தகக் கருவியில கைய விட்டு அழிச்சது. உரிமைச் சிக்கல்னு காரணம் சொன்னாங்க, பணத்தைத் திருப்பிக் குடுத்தாங்க, அப்புறம் முதலாளியே மன்னிப்புக் கேட்டார். ஆனா அப்பவே தெரிஞ்சு போச்சு, வாங்கறோம்னு நாமதான் நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

கேசட்டுல ஒரு சமாச்சாரம் உண்டு. மேல்விளிம்புல ரெண்டு மூலையிலயும் சின்னதாப் பிளாஸ்டிக் மூக்கு இருக்கும். அதை ஒடிச்சு விட்டுட்டா அதுமேல எவனும் வேற எதையும் பதிய முடியாது. மறுபடி பதியணும்னா அந்த ஓட்டையில காகிதத்தை மடிச்சுத் திணிக்கணும். அந்த உரிமை என் கையில இருந்துச்சு, என் நகத்துல இருந்துச்சு! எவனோ எங்கேயோ உக்காந்து ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு என் பீரோவுக்குள்ள இருக்கிற கேசட்டைச் சாம்பல் கலர் ஆக்க முடியாது.

அப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, கேட்ட பாட்டைக் கேசட்டுல பதிஞ்சு தர ஒரு ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, 'ஏ' பக்கம் இந்தப் பாட்டு, 'பி' பக்கம் இந்தப் பாட்டுன்னு எழுதிக் குடுப்போம். அறுபது வாங்கினா பக்கத்துக்கு 30 நிமிஷம், தொண்ணூறுன்னா 45. "செவ்வாக்கிழமை வா தம்பி"ம்பார் கடைக்கார அண்ணன். கடைசியில ரெண்டு மூணு நிமிஷம் டேப் மிச்சமானா வீணாக்க மாட்டார். தனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ண அதுல ஏத்திட்டு, அட்டையில ஓரமாச் சின்ன எழுத்துல எழுதி வைப்பார். பாதியில அறுந்து போகும் அந்தப் பாட்டு. எனக்கு உயிரான நாலஞ்சு பாட்டு அப்படித்தான் வந்து சேந்துச்சு. முழுப் பாட்டை இப்பக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் மனசு தானா நிக்குது. இப்ப 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தவை'ன்னு ஆப் நீட்டுதே, என்ன தெரியுமா? அக்கா மகன் ஒரு வாரம் லீவுக்கு வந்து என் போன்ல வாத்துப் பாட்டு கேட்டுட்டுப் போனான். ஆறு மாசமா எனக்கு வாத்துதான்.

இன்னொண்ணு. பிலிப்ஸ்காரன் 1963-ல கேசட்டைக் கொண்டு வந்தான். கொஞ்ச நாள்லயே, யார் வேணா காசு கட்டாமச் செஞ்சுக்கோன்னு விட்டுட்டான். அதனாலதான் எந்தக் கம்பெனி கேசட்டும் எந்தக் கம்பெனிப் பொட்டியிலயும் ஓடுச்சு. இப்ப இந்தப் பாட்டு இந்த ஆப்புல, அந்தப் பாட்டு அந்த ஆப்புல. நாலு கடைக்கும் சந்தா கட்டிட்டுப் பாட்டைத் தேடி அலையணும்.

போன்ல இயர்போன் சொருகற ஓட்டையும் போச்சு. 2016-ல ஐபோன் அதைத் தூக்கிருச்சு. கிண்டல் அடிச்ச மத்தவனும் பின்னாடியே போனான். அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்கு ஐம்பது ரூபா இயர்போன் போதும். அதுக்குச் சார்ஜ் ஏத்த வேண்டாம், ஜோடி சேக்க வேண்டாம், பஸ் ஜன்னல் வழியா ஒரு காது மட்டும் எகிறி விழாது. (விழுந்தது. 2,400 ரூபா. எந்த இடம்னு கேக்காதீங்க, இன்னும் வயிறு எரியுது.) போன்ல எஃப்எம் கேக்க அந்த இயர்போன் வயர்தான் ஆன்டெனா, அதனால ஓட்டையோட ரேடியோவும் போச்சு. 2023-ல மத்திய அரசே, எஃப்எம் வசதியை முடக்காதீங்க, பேரிடர் நேரத்துல வேணும்னு போன் கம்பெனிகளுக்குச் சொன்னது. என் புதுப் போன்ல அது இல்லை. நெட்டு இல்லாத வெள்ளத்துல நான் எதைக் கேக்கறது, வாத்துப் பாட்டையா?

உடனே "பழசையே கட்டிக்கிட்டு அழு பெருசு"ன்னு கிளம்பி வராதீங்க. டேப்பு சிக்கி மெஷின் வாயில நூடுல்ஸாத் தொங்கறதை நடராஜ் பென்சில் விட்டுச் சுத்தினவன் நான். பேட்டரி இறங்கிப் பாட்டு இழுக்கும்போது கட்டையை வெயில்ல காய வச்சிருக்கேன். அந்தக் கொடுமையெல்லாம் திரும்ப வேணாம் சாமி. யூபிஐ இல்லாம ஒரு நாள் கூட என்னால இருக்க முடியாது. ஆனா காசையே ரெண்டு செகண்டுல அனுப்பத் தெரிஞ்ச நாட்டுல, ஒரு கிழவிக்கு நாலரை நிமிஷப் பாட்டைப் போட முக்கா மணி நேரமா?

பரண்ல ஏறி, ரேடியோவும் கேசட்டும் ஓடற டூ-இன்-ஒன்னை இறக்கினேன். பெல்ட்டு உருகித் தார் மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு. மெக்கானிக் துடைச்சுப் புதுசு போட்டுத் தர 150 ரூபா வாங்கினார். பேர், நம்பர், பிறந்த தேதி எதையும் கேக்கல. இப்ப அந்தப் பாட்டு அடுப்படியில ஓடுது, லேசாக் கரகரன்னு.

இதுக்கு நடுவுல டிவியில ஒரு பொட்டி: 'எங்கள் ஆப் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' ஒரு நட்சத்திரத்தை அமுக்கினேன். மதிப்பீட்டைப் பதிவு செய்ய மறுபடி உள்ள வரணுமாம். அப்பாவுக்குப் போன் போட்டிருக்கேன், கண்ணாடியைத் தேடிக்கிட்டு இருக்கார்.