கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள்

பழைய சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, குலுங்குகிறது என்று சொன்னதும் மெக்கானிக் பானட்டைத் திறக்கிறார், கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் போகிறது. ஸ்க்ரூவை இப்படிக் கால் சுற்று, அப்படி அரைச் சுற்று. வண்டி கொஞ்சம் அடங்கியதும் "சரியாயிடுச்சு சார்" என்கிறார். நான்கு நாள் கழித்துப் பழையபடி குலுங்கும்.

என் கருத்து இதுதான்: கார்புரேட்டர் கோளாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி கார்புரேட்டரில் இல்லை. அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. ஒடுங்கிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, ஜெட்டின் சிறு துளை வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று இருந்தால்தான் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். இஞ்செக்‌ஷன் வண்டியில் சென்சார் புகையை மோந்து பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். இங்கே அந்த ஆள் இல்லை. என்ஜினுக்குள் போகும் காற்றெல்லாம் தன் வழியாகத்தான் போகிறது என்று கார்புரேட்டர் நம்பிக்கொண்டிருக்கிறது. வேறெங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் கணக்கு கெடும், பழி மட்டும் இதன் தலையில் விழும்.

என் வண்டிக்கு நடந்ததும் அதுதான். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், சூடான பிறகு ஆஃப் ஆகிவிடும். ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றி சர்வீஸ் செய்தார்கள். சரியாகவில்லை. இன்னொரு இடத்தில் ஜெட்டையே பெரிதாக மாற்றினார்கள். ஆட்டம் குறைந்தது. மைலேஜும் குறைந்தது, பிளக் அடுப்புக்கரி மாதிரி கறுத்தது. இதற்கு நடுவில் பிரேக் பெடல் கொஞ்சம் கெட்டியாக இருந்ததை வேறு நோய் என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தேன். அது என் முட்டாள்தனம். பிரேக்கைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒருநாள் என்ஜினை ஓடவிட்டு, ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். மேனிஃபோல்டிலிருந்து (கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள குழாய்) பிரேக் பூஸ்டருக்கு (பெடலை மிதிப்பதை இலகுவாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸை வளைத்ததும் 'உஸ்' என்று சத்தம். அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும். வெடிப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தேன். நடுக்கம் நின்றது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்ஜினுக்கே உரிய கனத்த உறுமல் வந்தது. ஓட்டை வழியாக வந்த காற்றுக்கு ஈடாகத்தான் இத்தனை நாள் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! ஹோஸை மாற்றி, பழைய ஜெட்டையே திரும்பப் போட்டேன். பிரேக்கும் மென்மையானது.

அதனால் என் வரிசை இப்போது வேறு. ஏர் ஃபில்டர், ஹோஸ்கள், கேஸ்கெட் முதலில். அப்புறம் டாப்பட், அதாவது வால்வைத் தள்ளும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி.

டாப்பட் விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான ஆசை உண்டு, சத்தமே வரக்கூடாது என்று. லேசாக டிக் டிக் என்று கேட்பதைவிட, சத்தமே இல்லாமல் இறுகிக் கிடப்பதுதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை மூடும்போது சீட்டில் (அது பொருந்தும் வளையத்தில்) அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் கடத்துகிறது. இடைவெளி இல்லையென்றால் அது முழுதாக மூடாது, சூடு போக வழியின்றி விளிம்பு கருகிவிடும். மேனுவலில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். அளவு என்ஜின் சூட்டிலா குளிரிலா என்பதையும் படியுங்கள்.

அடுத்தது மின்சாரப் பக்கம். பாயின்ட் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து விடும் சுவிட்ச்) உள்ள வண்டி என்றால் அதன் இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. அளவில் இருக்கும். கேம் மேல் உரசும் குதிகால் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கும், கூடவே டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், பின்தங்கும். பிக்கப் போய்விட்டது என்று ஜெட்டைச் சந்தேகிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். பாயின்ட்டைத் தொட்டால் டைமிங்கையும் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். பிளக்கைக் கழற்றினால் நிறத்தைப் படியுங்கள். பிஸ்கட் நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் காற்று அதிகம், எண்ணெய்ப் பசை என்றால் அது கார்புரேட்டர் பாடே இல்லை.

என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மோந்து பார்ப்பதும் என் பழக்கம். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஓட்டாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்க்ரூவுக்கு வரலாம். என்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பினால் ஒரு இடத்தில் என்ஜின் தடுமாறும். அங்கிருந்து வெளியே திருப்பி, சீராக, அதிக வேகத்தில் ஓடும் இடத்தில் நிறுத்தி, அப்புறம் ஐடிலிங் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி முறுக்கினால் ஊசி முனையில் வளையம் விழும், பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது. ஜெட் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும்.

கார்புரேட்டர் மேலேயே குற்றம் இருக்கும் நேரமும் உண்டு, மறுக்கவில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கார்புரேட்டரின் ஃப்ளோட் தொட்டியில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்திருக்கும், அதைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். இன்னொன்று, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டு. அந்தத் தண்டில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் மாட்டும் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடுக்கு வழியாகவும் காற்று போகிறது. அதற்கு எந்த ஸ்க்ரூவும் உதவாது, தண்டு சுழலும் துளைக்குப் புது புஷ் (உள்வளையம்) போட்டே ஆக வேண்டும்.