அது கரிசலாங்கண்ணி இல்லை

வேளச்சேரி வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த செடியைப் படம் எடுத்துப் போட்டு, இது என்ன செடி என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘கரிசலாங்கண்ணிதான், பறித்துக் கடைந்து சாப்பிடுங்கள்’ என்று இன்னொருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லைங்க. படத்தில் இருப்பது வெட்டுக்காயப் பூண்டு. தாத்தாப்பூ என்றும் சொல்வார்கள். சென்னையில் காலி மனை எங்கும் இதுதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை.

பூக்காம்பைப் பாருங்கள், ஒரு சாண் நீளத்துக்கு ஒற்றையாக நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் நுனி மூன்றாகப் பிளந்த நாலைந்து வெளிர் இதழ்கள். இலை ஓரத்தில் பெரிய பெரிய பற்கள். கரிசலாங்கண்ணிக்குக் காம்பு குட்டை, பூ சட்டைப் பொத்தான் அளவுதான். இதழ்கள் வெள்ளை நூல் மாதிரி நெருக்கமாக இருக்கும்.

இன்னும் சந்தேகமா? தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேயுங்கள். கரிசலாங்கண்ணி என்றால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அப்படிக் கறுக்கவில்லை என்றால் சட்டியில் போடாதீர்கள்.