மூக்கைப் பொத்திக்கொண்டு எதற்கு ஊர் சுற்ற வேண்டும்?

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குச் சுற்றுலா போன தமிழ்க் குழு ஒன்று, தெருக்கடைச் சாப்பாட்டைக் கேலி செய்து வெளியிட்ட காணொளியை இங்கே கண்டித்திருந்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவுக்குள் பதினோரு பேர் உள்பெட்டிக்கு வந்து, "விளையாட்டாகச் செய்ததற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்ட லக்சாவை விற்கும் அந்தப் பெரியம்மா கிண்ணத்தை இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். நம்மவர் குனிந்து முகர்ந்து பார்க்கிறார், மூக்கைப் பொத்துகிறார், கேமராவின் பக்கம் திரும்பி, "இதையெல்லாம் மனிதன் சாப்பிடுவானா?" என்கிறார். கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவரும் சேர்ந்து சிரிக்கிறார். அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தன் சமையலைத்தான் ஏசுகிறார்கள் என்று தெரியாமல், வந்தவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வயதானவர் சிரிக்கிறார். அதைத்தான் நீங்கள் விளையாட்டு என்கிறீர்கள்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பிடிக்கவில்லை என்றால் சாப்பிட வேண்டாம். சமைத்தவர் முன்னால் மூக்கைப் பொத்த வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் பினாங்குக்குப் போயிருக்கிறேன். அந்த லக்சாவில் என்ன இருக்கிறது என்று மூக்கைப் பொத்தியவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, புளி விட்டுக் கொதிக்கவைத்த குழம்பு அது. அதில் அரிசி மாவில் செய்த தடித்த இழைகளைப் போட்டு, மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சி வகைச் செடி ஒன்றின் பூமொட்டு எல்லாம் நறுக்கித் தூவி, கடைசியில் இறாலில் செய்த கருமையான விழுதை ஒரு கரண்டி விடுகிறார்கள். 'அசாம் லக்சா' என்ற பெயரில் இருக்கும் அசாம் என்பது நம் புளிதான். மீனும் புளியும் சேர்ந்து கொதித்த குழம்பைப் பார்த்து ஒரு தமிழர் மனிதன் சாப்பிடுவானா என்று கேட்கிறார்!

அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன். மேலே விடும் விழுது, குழம்பில் கரையும் பெலாச்சான், இரண்டும் இறால்தான். பெலாச்சான் என்பது பொடி இறாலை உப்பிட்டு, புளிக்கவைத்து, இடித்து, வெயிலில் காயவைத்த கட்டி. கடலூர்ப் பக்கம் பிறந்த எனக்கு அது புதிய வாடையே இல்லை. எங்கள் வீட்டில் அதே பொடி இறால் சென்னாகுன்னி என்ற பெயரில் காய்ந்தது. என் ஆயா அதை வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து இடித்துத் தருவார். பினாங்கில் முதல் வாய் லக்சாவை விழுங்கியதும் எனக்கு ஆயாவின் அம்மிக்கல் நினைவுக்கு வந்தது. நாலாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்ட எந்த ஓட்டல் விருந்திலும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

அந்த ஊர் நமக்கு அந்நியமும் இல்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனும், மலேசியாவின் இன்னொரு பழைய துறைமுக நகரான மலாக்காவும் 2008இல் உலகப் பாரம்பரிய இடங்களாக அறிவிக்கப்பட்டதற்குக் காரணங்களில் ஒன்று, அங்கே பல இனத்தாரும் தெருக்களைப் பகிர்ந்து வாழ்ந்த வாழ்க்கை. அந்தப் பல இனத்தாரில் நம் ஆட்களும் உண்டு. நாசி கண்டார் என்று இன்று மலேசியா முழுக்கக் கொண்டாடுகிறார்களே, அது தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. கண்டார் என்பது அந்தக் கம்பின் பெயர். மலாய்க்காரர்கள் கடைக்குச் சொல்லும் கெடாய் என்ற சொல்லே நம் கடைதான். நம் சோற்றையும் சொல்லையும் ஏற்றுக்கொண்ட ஊரில் போய் நின்றுகொண்டு, அவர்களின் கிண்ணத்துக்கு மூக்கைப் பொத்துகிறோம்.

"நாங்கள் சைவம், நாங்கள் என்ன செய்வது?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சாப்பிட மாட்டேன் என்று கைகூப்பிச் சொல்வதில் எந்த அவமதிப்பும் கிடையாது. அதே பினாங்கில் சீனர்கள் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழாவுக்கு ஒன்பது நாள் சைவம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் சைவம் கிடைக்கும். விசாரித்திருந்தால் ஒரு திருவிழாவையும் தெரிந்துகொண்டிருக்கலாம்.

"தெருக்கடையில் சுத்தம் இருக்குமா?" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. காணொளியில் யாரும் சுத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொருவர், "வெள்ளைக்காரன் நாம் கையால் சாப்பிடுவதைக் கேலி செய்தானே, அப்போது எங்கே போனீர்கள்?" என்கிறார். எங்கேயும் போகவில்லை ஐயா, இதே பக்கத்தில்தான் எழுதினேன். அப்போது நமக்கு வலித்தது அல்லவா? அந்த வலி தெரிந்தவர்கள்தானே முதலில் வாயை அடக்க வேண்டும்?

"சொந்த ஊர்ச் சாப்பாட்டின் மீது பற்று இருக்கக் கூடாதா?" என்றும் ஒரு கேள்வி. தாராளமாக இருக்கட்டும். அந்தக் குழு பெட்டி பெட்டியாக இட்லிப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனதைக்கூட நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொடியில் இருக்கும் மிளகாய் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கியது. அதற்கு முன் நம் காரம் மிளகுதான். எங்கோ அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த காயை நம் முன்னோர்களில் யாரோ ஒருவர் முகம் சுளிக்காமல் வாங்கிக் கடித்துப் பார்த்திருக்கிறார். அவர் மூக்கைப் பொத்தியிருந்தால் உங்கள் டப்பாவில் இன்று என்ன இருந்திருக்கும்?

நான் ஒன்றும் தவறே செய்யாதவன் இல்லை, அதையும் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் நாகர்கோவில் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா பருமனான சம்பா அரிசிச் சோறும், மரச்சீனி என்று அங்கே சொல்லும் மரவள்ளிக் கிழங்கும், தேங்காய் அரைத்த மீன் குழம்பும் வைத்தார். நான், "சோறு என்ன இவ்வளவு பெரிதாக இருக்கிறது, இதை எப்படி விழுங்குவது?" என்று கேட்டுவிட்டேன். இருபது வயதுத் திமிர். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கடையில் வெள்ளை அரிசி வாங்கிவந்து எனக்கு மட்டும் தனியாக வடித்தார். அந்தச் சோற்றை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த மரச்சீனி, 1880களில் அந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஏழைகளின் பசிக்காகப் பரப்பிய கிழங்கு என்று பிற்பாடு படித்தேன். அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. நான் தெரிந்துகொண்டது, சோறு பெரிதாக இருக்கிறது என்பது மட்டுந்தான். பினாங்கு போகும் அளவுக்கு வசதி வந்த பிறகும் சிலர் அந்த இருபது வயதிலேயே நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

இவ்வளவு சூடு ஏன் என்று கேட்கிறீர்கள். ஏழாம் வகுப்பில் சென்னைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்தினான். அவனைப் பார்த்து நான்கு பேர் பொத்தினார்கள். அப்புறம் பெஞ்சே காலியாகிவிட்டது. நான் டப்பாவை மூடிவிட்டு மாலை வரை பசியோடு இருந்தேன். வீட்டுக்குப் போய், "இனிமேல் தயிர்சோறு மட்டும் வை" என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் எங்கேயோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்தான் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது.

அதன் பிறகு வாடகை வீடுகள். "நீங்கள் கருவாடு சமைப்பீர்களா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். என்ன சாதி என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி அது. எல்லோரும் அப்படி இல்லை என்று யாரும் கருத்துப் பெட்டிக்கு வர வேண்டாம். மூன்று வீடுகளில் நான் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்காக, "நாங்கள் அதெல்லாம் சாப்பிட மாட்டோம்" என்று என் அப்பா பொய் சொன்னார். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு, அந்தப் பொய்யைச் சொன்னார்.

விமானம் ஏறி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து போனாலும் அந்தக் கை மூக்குக்குத்தான் போகிறது என்பதைப் பார்த்தபோது எனக்கு லக்சா தெரியவில்லை. என் டப்பா தெரிந்தது. காணொளியை வெளியிட்டவருக்கு மூன்று நாட்களுக்கு முன் மரியாதையாகவே எழுதினேன். அந்த அம்மாவின் முகத்தையாவது மறைத்துவிடுங்கள் என்றேன். படித்துவிட்டார், பதில் இல்லை. காணொளி இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது நாங்கள் இருப்பது சொந்த வீடு. ஐந்தாவது மாடி. யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுப்பதற்கு முன் என் அம்மா எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வருகிறார்.