பதிவேடு மட்டும் போதுமா?
மரபறிவை ஆங்கிலத் தரவுத்தளங்களில் பதிந்துவிட்டால், பழங்குடி மொழிகள் அருகினாலும் உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1992 ஆம் ஆண்டு உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையின் 8(ஜே) உறுப்புரை அந்த அறிவைப் பேணுவதோடு நிற்காமல், அதைப் பயன்படுத்துவதில் உரியவர்களின் ஒப்புதலையும் பங்கேற்பையும் வேண்டுகிறது. 2022 இல் ஏற்கப்பட்ட குன்மிங்-மொன்றியல் உலக உயிர்ப்பல்வகைமைச் சட்டகத்தின் 22 ஆவது இலக்கும் முடிவெடுப்பதில் அவர்களுக்குள்ள பங்கையே வலியுறுத்துகிறது. விளங்காத மொழியில் நடக்கும் கூட்டத்தில் எந்த ஒப்புதலைப் பெறுவது? தமிழ் அருகிவரும் பழங்குடி மொழி அல்லதான்; ஆயினும் யாழ்ப்பாணக் கடல்நீரேரி பற்றிய கூட்டமொன்றில் வரைபடமும் விளக்கமும் ஆங்கிலத்திலேயே ஓட, மாரி வெள்ளம் இறங்கும்போது இறால் எந்தப் பக்கத்தால் நகரும் என்று சொல்லக்கூடிய சிறகுவலைத் தொழிலாளர்கள் வரவுத்தாளில் கையொப்பமிட்டுவிட்டுப் பின்வரிசையில் பேசாதிருந்ததைக் கண்டேன்; பின்னர் வந்த அறிக்கையில் அந்தக் கையொப்பங்களே ‘மக்கள் கலந்தாலோசனை’ ஆகியிருந்தன.