பிளேஸ்டேஷன் 5-இல் இருப்பது பேஸ்ட் அல்ல

‘பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோலைப் போலவே 5-ஐயும் வருடம் ஒருமுறை திறந்து, புது பேஸ்ட் தாராளமாகத் தடவுங்கள்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பேஸ்ட் என்பது, சிப்பின் சூட்டை அதைக் குளிர்விக்கும் உலோகப் பாகத்துக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவில் தடவும் பசை. 4-இல் இருப்பது சாதாரண பேஸ்ட்; சில வருடங்களில் காயும், மாற்றலாம், சரி. ஆனால் 2020-இல் வந்த 5-இல் சோனி வைத்திருப்பது காலியம் என்ற உலோகம் கலந்த திரவ உலோகம். அது மின்சாரத்தைக் கடத்தும். துடைக்கும்போது ஒரு துளி சிதறிப் பக்கத்துப் பாகங்களில் பட்டால் ஷார்ட் ஆகி போர்டே போய்விடலாம். அலுமினியத்தையும் அரிக்கும். சிப்பைச் சுற்றித் தடுப்பு வைத்திருப்பதே அது வழியாமல் இருக்கத்தான்.

அப்புறம், ‘தாராளமாக’ என்பது எந்தக் கன்சோலுக்கும் தவறு. பேஸ்ட், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்ப மட்டும்தான். தோசைக்கு நெய் விடுவதுபோல் விடாதீர்கள். பிளேஸ்டேஷன் 5 சூடானால் முதலில் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை உறிஞ்சி எடுங்கள். திருகைத் தொடவே வேண்டியதில்லை.