சுவரைக் கட்டுறதுக்கு முன்னாடி, பக்கத்துல படுத்துத் தூங்குறவங்களைக் கேளுங்க

ஹைவே ஓரமா சத்தத் தடுப்புச் சுவர் கட்டப்போறோம், மக்கள்கிட்ட கருத்துக் கேட்டாச்சுன்னு சொல்றாங்களே, அதுல பாதிக்கு மேல ஒப்புக்கு நடக்குற கூட்டம்தாங்க. உயரம், நீளம் எல்லாம் முடிவாகி டெண்டர் விடப்போற நேரத்துல கூப்பிட்டு ஒரு கலர் படத்தைக் காட்டி "ஆட்சேபணை இருக்கா"ன்னு கேட்டா, ஜனங்க என்னத்தைச் சொல்றது? சுவத்துக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்னு வேணா சொல்லலாம்.

முதல்ல அந்தச் சுவர் எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு ஒளிக்காம சொல்லணும். சுவர் வந்துட்டா சத்தமே இருக்காதுன்னுதான் பல பேரு நினைச்சுட்டு இருக்காங்க, ஆனா சத்தம் சுவருக்கு மேல ஏறி வளைஞ்சு இந்தப் பக்கம் இறங்கும். ஜன்னல்ல நின்னா வண்டி தெரியாத அளவுக்கு சுவர் மறைச்சாத்தான் சுமாரா 5 டெசிபல் குறையும், அதுக்கு மேல ஒவ்வொரு மீட்டர் உயர்த்தும்போதும் ஒன்றரை டெசிபல் கிட்ட. காதுக்கு சத்தம் பாதியான மாதிரி தெரியணும்னா 10 டெசிபல் குறையணும். மூணாவது மாடிக்காரருக்கு சுவர் அவர் ஜன்னலுக்குக் கீழயே நின்னுடும், அவருக்கு பெருசா ஒண்ணும் மாறாது. நடுவுல வழிக்காக கேப் விட்டா அதுலயே பலன் குறைஞ்சிடும். வழவழன்னு கான்கிரீட் சுவர்னா எதிர்ப்பக்க வீடுகளுக்கு சத்தம் திரும்பிப் போகவும் வாய்ப்பு இருக்கு.

அமெரிக்காவுல ஃபெடரல் (மத்திய அரசு) பணம் வர்ற ஹைவே வேலைன்னா, சுவரால பலன் கிடைக்கிற வீட்டு ஓனர், அங்க குடியிருக்கறவங்க ரெண்டு தரப்பையும் கேக்கணும்னு விதி இருக்கு. வாடகைக்கு இருக்கறவங்களையும் சேர்த்தது எனக்குப் பிடிச்சிருக்கு, ராத்திரி தூக்கம் கெடுறது அவங்களுக்குத்தானே. ஆனா அதுவும் பலன் கிடைக்கிறவங்க கணக்குதான். எதிர்ப்பக்கத்துக்காரர், வெயில் மறையுதுன்னு புலம்புறவர், கடை ரோட்டுல இருந்து தெரியாமப் போகுதுன்னு பயப்படுறவர் இவங்களையும் அதே கூட்டத்துல உக்கார வைக்கணும்ங்கிறது என் கருத்து. சண்டை வரும், வரட்டுமே.

படம் காட்டுறதை விட்டுட்டு, சுவர் வரப்போற இடத்துல அதே உயரத்துக்கு ரெண்டு கம்பம் நட்டு நடுவுல கயிறு கட்டிவிடுங்க. அவங்கவங்க வீட்டு வாசல்ல, மாடியில நின்னு பாத்துக்கட்டும், எவ்வளவு வானம் போகுதுன்னு அப்பதான் தெரியும். வேணாம்னு சொல்றவங்களுக்கு சத்தம் குறைவா வர்ற மாதிரி ரோடு போடுறது, வேகத்தைக் குறைக்கிறதுன்னு வேற வழியும் சொல்லணும் (ஒரு வரிசை மரம் நட்டா சத்தம் குறையும்னு மட்டும் சொல்லாதீங்க, கண்ணுக்குத்தான் அழகு).

கட்டி முடிச்சதும் ராத்திரி நேரத்துல மீட்டர் வெச்சு அளந்து, சொன்ன அளவு குறைஞ்சுதான்னு அதே ஜனங்களுக்குக் காட்டணும். குறையலைன்னா அடுத்து என்ன செய்வீங்கன்னு முதல் கூட்டத்துலயே எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.